நரம்பு சுருட்டு உள்ள காலுக்கு எண்ணெய் தேய்ப்பது: தொடுமுன் பார்க்க வேண்டியதிலிருந்து சாக்ஸ் மாட்டுவது வரை

சாயங்காலம் ஆனால் கால் கனத்துவிடுகிறது. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக நெளிந்து புடைத்து நிற்கிறது. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. உடனே வீட்டில் யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, கட்டை விரலால் அந்தப் புடைப்பையே அமுக்கித் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். அன்பில் குறை இல்லை, தேய்க்கும் இடமும் தேய்க்கும் விதமும்தான் தவறு.

தவறுக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்கு. உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பும் ரத்தம் ஓடும் குழாயும் நமக்கு ஒரே ‘நரம்பு’தான். ‘நரம்பு சுருண்டிருக்கிறது’ என்றதும், சுருண்டதை நீவிவிட்டால் நேராகிவிடும் என்று கை தானாக நினைக்கிறது. சுருண்டிருப்பது சிரை, அதாவது பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் குழாய். அதற்குள் ரத்தம் மேலே மட்டும் போகும்படி சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாததால் ரத்தம் கீழே திரும்பி வந்து தேங்குகிறது, தேக்கத்தின் அழுத்தத்தில் குழாய் விரிந்து நெளிகிறது. எந்த எண்ணெயும் எந்தக் கையும் அந்த வால்வை மறுபடி மூட வைக்காது.

பிறகு எதற்குத் தேய்ப்பது? தேக்கத்தால் திசுக்களில் இறங்கிய நீர் கொஞ்சம் மேலே நகரும், நாள் முழுக்க நின்று இறுகிய சதை தளரும், அன்றைய இரவு நிம்மதியாகத் தூங்கலாம். கிடைப்பது இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும்.

1. வலி சிரையினால்தானா என்று பிரித்துப் பாருங்கள்

கால் வலி எல்லாம் ஒன்று அல்ல. சிரை வலிக்கென்று ஒரு நேரம் உண்டு. காலையில் எழும்போது கால் லேசாக இருக்கும். நிற்க நிற்க, உட்கார்ந்து தொங்கவிடத் தொங்கவிட, கனமும் குடைச்சலும் கூடும். காலைத் தூக்கி வைத்தால் குறையும், நடந்தாலும் பெரும்பாலும் குறையும். கணுக்கால் அரிப்பும், இரவில் குரக்களி பிடித்து இழுப்பதும் கூட வரலாம்.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறதா? அது தமனி, அதாவது இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்திருப்பதன் அடையாளம். இப்படிப்பட்டவர்களுக்குப் பாதம் சில்லென்று இருக்கும், இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் வலி அடங்கும். சிரை வலிக்கு இது நேர் எதிர். காலைத் தூக்கி வைப்பதும் இறுக்கமான சாக்ஸ் போடுவதும் இவர்களுக்குத் தீங்கு செய்யும். பீடி, சிகரெட் பழக்கமோ சர்க்கரை நோயோ இருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே கூடாது. பாதத்தின் மேற்பக்க நடுவிலும், உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் விரல் நுனியை மென்மையாக வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் நாடி தட்டுப்படவில்லை என்றால் எண்ணெயை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போகலாம்.

இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக மின்சாரம் பாய்வது போல இறங்கும் வலி முதுகுத்தண்டுச் சங்கதி. இரண்டு பாதத்திலும் எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்து இருந்தால் சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். அந்தப் பாதத்துக்குச் சூடு தெரியாது, ஆகவே கொஞ்சம் சூடான எண்ணெய்கூடக் கொப்பளம் போட்டுவிடும்.

வீக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவில் இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு வந்த வீக்கத்துக்கு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

2. தொடவே கூடாத கால்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தோலுக்கு அடியில் தெரியும் மேல்சிரைகளைத் தவிர, சதைக்கு உள்ளே ஆழ்சிரைகளும் இருக்கின்றன. அவற்றில் ரத்தம் உறைந்து கட்டியாக நின்றிருக்கும்போது காலை அமுக்கிப் பிசைந்தால், கட்டி பிய்ந்து ரத்தத்தோடு போய் நுரையீரலை அடைத்துவிடலாம். உயிர் போகும் அபாயம் அது. இப்படி உறைந்த காலும் முதலில் ‘சதை பிடித்துக்கொண்டது’ போலத்தான் வலிக்கும். அதனால்தான் அமுக்கிவிடத் தோன்றும்.

சந்தேகப்பட வேண்டியது இப்படி இருந்தால்: ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கியது, அந்தக் காலில் வெதுவெதுப்பும் நிறமாற்றமும் இருக்கிறது, ராத்திரி படுத்து எழுந்தும் வலி குறையவில்லை. டேப் எடுத்து அளந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பு முண்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை. வித்தியாசம் குறைவாக இருப்பதாலேயே பயமில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்த்து, வலித்தால் கட்டி, வலிக்காவிட்டால் இல்லை என்று சொல்லும் பழைய சோதனையையும் நம்ப வேண்டாம், அது இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

வலியோடு கூட, அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் முக்கியம். அண்மையில் அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, மூன்று நாளுக்கு மேல் படுத்த படுக்கை, புற்றுநோய், ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை, முன்பே ஒரு முறை ரத்தம் உறைந்த வரலாறு, சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவெல்லாம் உட்கார்ந்தபடி வந்தது போன்ற நீண்ட பயணம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து கால் வலியும் புதிதாக வந்திருந்தால், ஸ்கேன் பார்க்கும்வரை கை வைக்கக் கூடாது.

கர்ப்பிணிகளையும் பிரசவமானவர்களையும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டியோ வழக்கமாக வரும் அம்மாவோ கால் முழுக்க எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலான காலம்தான் ரத்தம் உறையும் வாய்ப்பு மிக அதிகம் உள்ள காலம். கர்ப்ப காலத்தில் அது பெரும்பாலும் இடது காலில் வருகிறது. குளிப்பாட்டட்டும், எண்ணெயும் பூசட்டும், ஆனால் காலை அமுக்கிப் பிசைய வேண்டாம். ‘இடது கால் மட்டும் வலிக்கிறது அத்தை’ என்று அவள் சொன்னால், அதைக் குளித்தால் சரியாகிவிடும் அலுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் சில நிலைகளிலும் தள்ளி நிற்க வேண்டும். புடைத்த சிரை கயிறு போலக் கெட்டியாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் மேல்சிரையிலேயே ரத்தம் உறைந்து வீங்கியிருக்கிறது. காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்தால் கிருமித் தொற்று, இது யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும். ஆறாத புண் இருந்தால் அந்தக் காலையே விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசான அழுத்தம்கூடக் கன்றிப்போகும், அவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கால் வலி இருந்தவர் என்பதை அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

அதிகம் ஒன்றும் வேண்டாம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு காலுக்கு 10 முதல் 15 மில்லி, அதாவது இரண்டு மூன்று தேக்கரண்டி. இரண்டு தலையணை, ஒரு பழைய துண்டு, அளவு டேப், ஒரு நோட்டு. தேய்ப்பவர் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். தேக்கம் உள்ள காலின் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும், ஒரு கீறல் போதும், ஆற மாதக்கணக்கில் ஆகும்.

எண்ணெயைச் சுட வைக்க வேண்டாம். குளிர் காலத்தில் கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும், உள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடாகவே தெரியக் கூடாது. சூடு சிரையை இன்னும் விரிக்கும், விரிந்தால் தேக்கம் கூடும். வெந்நீர் ஒத்தடமும் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலைத் தொங்கவிடுவதும் இந்தக் காலுக்கு ஆகாததன் காரணமும் இதுதான். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், எழுந்ததும் கனக்கும்.

கற்பூரம் சேர்ந்த தைலம், எரியும் களிம்பு இரண்டையும் தள்ளி வையுங்கள். கணுக்காலுக்கு மேலே கறுத்து அரிக்கும் தோல் ஏற்கெனவே அழற்சியில் இருக்கிறது, காரமான பொருள் பட்டால் கொப்பளித்து நீர் வடியும். வாசனை எண்ணெய்களுக்கும் இதே பேச்சுதான். முதல் முறை எந்த எண்ணெயானாலும் ஒரு சொட்டை முழங்காலுக்கு அருகில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

4. கால் மணி நேரம் முன்னதாகவே தொடங்குங்கள்

கற்றுக்கொள்பவர்கள் அனைவரும் தாண்டிக் குதிக்கும் படி இது. கடையிலிருந்து வந்ததும் வீங்கிய காலைத் தரையில் நீட்டிப் போட்டுத் தேய்த்தால் பாதி உழைப்பு வீண்.

நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும், இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தூணின் எடை அது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுவதால் நல்ல காலில் இது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அவ்வளவு இறங்காது. ஆனால் படுத்து, குதிகாலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால், வால்வு கெட்டிருந்தாலும் ரத்தம் தன் எடையிலேயே வடிந்துவிடும். கையால் செய்ய முடியாததை இந்தச் சாய்வு செய்துவிடுகிறது.

ஆகவே முதலில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். பிறகு மல்லாந்து படுத்து, கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை தலையணை தாங்கும்படி வைத்து 15 நிமிடம் இருக்கட்டும். தலையணையை முழங்காலுக்கு அடியில் மட்டும் வைப்பது வழக்கமான பிழை. முழங்கால் மடங்கி, பின்னால் ஓடும் பெரிய சிரை நசுங்கும், கணுக்கால் கீழேயே தொங்கும். ஏழு எட்டு மாதக் கர்ப்பிணி மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்து, கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பதினைந்து நிமிடத்திலேயே வலி முழுக்கப் போய்விட்டால் அன்றைக்குத் தேய்க்காமலே விடலாம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது.

5. எவ்வளவு அழுத்துவது

கைக்குழந்தைக்கு எண்ணெய் தடவும் அழுத்தம்தான் உச்ச அளவு. தோல் உங்கள் கையோடு சற்று நகர வேண்டும், அடியில் இருக்கும் சதை கையில் தட்டுப்படக் கூடாது. தோல் சிவந்தாலோ படுத்திருப்பவர் முகம் சுளித்தாலோ அழுத்தம் அதிகம். ‘வலித்தால்தான் பலன்’ என்ற கணக்கு உடற்பயிற்சியில் இறுகிய தொடைக்கு வேண்டுமானால் பொருந்தும், இங்கே பொருந்தாது. நகர்த்த வேண்டிய நீர் தோலுக்கு உடனடிக் கீழே இருக்கிறது. அங்கே ஓடும் நிணநீர்க் குழாய்கள் மெல்லியவை, அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

முழு உள்ளங்கையைப் பயன்படுத்துங்கள். கட்டை விரல், முஷ்டி, முழங்கை மூன்றும் வேண்டாம். ஒரு இழுப்புக்கு மூன்று நான்கு விநாடி ஆகட்டும். கை வேகமாகப் போகிறது என்று தோன்றினால், படுத்திருப்பவர் மூச்சு விடும் நேரத்தைக் கணக்காக வைத்து அதற்குள் ஒரு இழுப்பு என்று செய்யுங்கள்.

6. வரிசை: தொடையில் தொடங்கிப் பாதத்துக்கு இறங்குங்கள்

எல்லாரும் பாதத்தில்தான் தொடங்குகிறார்கள். வாய்க்காலில் மேல்மடை அடைத்திருக்கும்போது கீழேயிருந்து தண்ணீரைத் தள்ளினால் என்ன ஆகும்? முழங்காலடியில் வந்து தேங்கும். முதலில் மேலே வழி விட வேண்டும். ஒவ்வொரு இழுப்பின் திசை எப்போதும் மேல்நோக்கி, தொடங்கும் இடம் மட்டும் படிப்படியாகக் கீழே இறங்கும். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் வயிறு உப்பும்படி ஆழ்ந்த மூச்சு பத்து முறை. உதரவிதானம் ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் மாறி, காலிலிருந்து வரும் பெரிய சிரை ரத்தத்தை மேலே இழுக்கும். இதைத் தேய்ப்பவர் செய்ய முடியாது, படுத்திருப்பவர்தான் செய்ய வேண்டும்.

அடுத்து தொடை. முழங்காலுக்கு நான்கு விரல்கடை மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தொடை இடுக்குக்கு ஒரு சாண் கீழே வரை மெல்ல இழுங்கள். இடுக்கை அழுத்த வேண்டாம், அங்கேதான் மேல்சிரை ஆழ்சிரையோடு சேருகிறது. திரும்பி வரும்போது கையைத் தூக்கிக் கொண்டுவாருங்கள், கீழ்நோக்கித் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். முன்பக்கம், வெளிப்பக்கம், உள்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எட்டு இழுப்பு.

முழங்காலைச் சுற்றிச் சில்லின் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து முறை. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் விரலை நுழைக்கக் கூடாது. தமனி, சிரை, நரம்பு மூன்றும் அங்கே சதையின் பாதுகாப்பு இல்லாமல் ஓடுகின்றன.

பிறகு கெண்டைக்கால். இங்கே இரண்டு பாகமாகப் பிரியுங்கள். முதலில் மேல் பாதி, கெண்டைக்கால் நடுவிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை எட்டு முறை. பிறகு கீழ் பாதி, கணுக்காலுக்கு மேலிருந்து தொடங்கி மேல் பாதியோடு சேர்த்து எட்டு முறை. சதை இறுகியிருந்தால் அதை உருட்டிப் பிசையத் தோன்றும். அதற்குப் பதிலாகக் கெண்டைக்காலை இரண்டு கையிலும் தளர்வாக ஏந்தி, பக்கவாட்டில் மெதுவாக அரை நிமிடம் ஆட்டிவிடுங்கள், தானாகத் தளரும்.

கடைசியாகப் பாதம். விரல் நுனியிலிருந்து கணுக்காலை நோக்கி, மேற்பக்கம் எட்டு முறை. கணுக்கால் எலும்பின் இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கும் இடத்தில் நீர் அதிகம் தேங்கும், அங்கே விரல் திண்டுகளால் மெல்லிய வட்டமாக மேல்நோக்கித் தள்ளலாம். உள்ளங்காலை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கலாம், அங்கே தோல் தடிப்பானது, பாதம் தரையில் பதியும்போது ரத்தத்தைத் தள்ளும் ஒரு சிரைப் பின்னலும் அங்கே இருக்கிறது.

முடிவில் பாதத்திலிருந்து தொடை வரை நீளமான இழுப்பு ஐந்து. மொத்தம் ஒரு காலுக்கு எட்டுப் பத்து நிமிடம். அரை மணி நேரம் தேய்த்தால் மூன்று மடங்கு பலன் வராது, தோல்தான் எரியும்.

7. புடைத்த சிரையும் கறுத்த தோலும்

புடைத்து நெளிந்த சிரையின் மேல் எந்த இழுப்பும் போகக் கூடாது. ஆற்றில் திட்டு வந்தால் தண்ணீர் பிரிந்து போவது போலக் கை அதன் இரண்டு பக்கமும் விலகிப் போகட்டும். சுவர் விரிந்து மெலிந்த குழாய் அது. அழுத்தினால் கன்றலாம், சுவர் புண்பட்டு உள்ளே ரத்தம் உறையலாம், தோல் மெலிந்த இடத்தில் வெடிக்கவும் செய்யலாம். சிலந்தி வலை போன்ற மெல்லிய நீலக் கோடுகளின் மேல் லேசாகக் கை படுவதில் தவறில்லை.

உள் கணுக்காலுக்கு மேலே காப்பி நிறத்தில் கறுத்திருந்தால், சிரையிலிருந்து கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் படிந்திருக்கிறது என்று பொருள். தோல் கல் போல இறுகி, கால் அந்த இடத்தில் தலைகீழ்ப் பாட்டில் மாதிரி ஒடுங்கியிருந்தால் நிலைமை முற்றியிருக்கிறது. அங்கே எண்ணெய் பூசி வறட்சியைக் குறைக்கலாம், தேய்க்கக் கூடாது. சிரைப் புண் வரும் முதல் இடமும் அதுதான்.

சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் பதறி ஓட வேண்டாம். நின்றுகொண்டிருந்தால் ரத்தம் நிற்காது. உடனே தரையில் படுக்க வைத்து, காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி, சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு கட்டாதீர்கள், அது சிரையை அடைத்து ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். நின்ற பிறகும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஒரு முறை உடைந்தது மறுபடியும் உடையும்.

8. முடித்தவுடன் செய்ய வேண்டியது

உடனே எழுந்து நின்றால் நகர்த்திய நீர் எல்லாம் திரும்ப இறங்கும். படுத்தபடியே பாதத்தை நெஞ்சுப் பக்கம் மடக்கி, பிறகு கீழே நீட்டி, 30 முறை செய்யச் சொல்லுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் கால் உயரத்திலேயே இருக்கட்டும்.

எண்ணெயைத் துண்டால் ஒற்றி எடுங்கள், விரலிடுக்கு உட்பட. விரலிடுக்கில் எண்ணெயும் ஈரமும் தங்கினால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி காலுக்குள் ஏறும். எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடந்து விழுந்த பெரியவர்கள் ஏராளம், உள்ளங்காலைச் சோப்புத் துணியால் துடைத்த பிறகே எழுப்புங்கள்.

நோட்டில் தேதி, தேய்க்கும் முன்னும் பின்னும் கணுக்கால் சுற்றளவு, வலி எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் அளக்க, கணுக்கால் எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் செய்தும் காலை நேர அளவு குறையாமல் இருந்தாலோ கூடினாலோ தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். இந்த நோட்டு மருத்துவருக்கும் உதவும்.

9. சாக்ஸ்: உண்மையில் வேலை செய்வது இதுதான்

எண்ணெய் தேய்ப்பதன் பலன் சில மணி நேரம். பகல் முழுக்க நிற்பவருக்குக் காலைத் தாங்குவது அழுத்தச் சாக்ஸ். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது, எண்ணெய் பட்டால் சாக்ஸின் இழுவிசை சீக்கிரம் போய்விடும். இரவில் எண்ணெய், காலையில் சாக்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் தமனி ஓட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து ஒரு விகிதம் எடுப்பார்கள், அது 0.8-க்குக் கீழே இருந்தால் வழக்கமான அழுத்தச் சாக்ஸ் போடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் தமனி கெட்டியாகியிருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், அவர்கள் எண்ணை மட்டும் நம்பாமல் மருத்துவர் சொன்ன பிறகே வாங்க வேண்டும்.

பெட்டியில் ‘கிளாஸ் 2’ என்று எழுதியிருப்பதை வைத்து வாங்காதீர்கள். பிரிட்டிஷ் கணக்கில் கிளாஸ் 2 என்றால் 18–24 மி.மீ. பாதரசம், ஜெர்மன் கணக்கில் 23–32. கிளாஸைப் பார்க்காமல் அழுத்த எண்ணைப் பாருங்கள். மருத்துவர் எழுதித் தந்ததும் அந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

அளவைக் காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன் எடுங்கள். கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் மிகத் தடித்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். சாயங்காலம் அளந்து வாங்கிய சாக்ஸ் காலையில் தளர்ந்து நழுவும்.

மாட்டும்போது சாக்ஸைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் கிழியும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காமல் எழும்பும். நீளம் மிஞ்சியது என்று முழங்காலடியில் மடித்துவிடாதீர்கள், அந்த மடிப்பு இரண்டு மடங்கு அழுத்தத்தோடு ரப்பர் வளையம் போலக் காலை இறுக்கும். இரவில் கழற்றிவிடலாம். ஆறு மாதத்தில் இழுவிசை போய்விடும், பார்க்கப் புதிது போல இருந்தாலும் மாற்ற வேண்டும்.

10. திரும்பத் திரும்ப நடக்கும் பிழைகள்

குழந்தையைக் காலின் மேல் ஏறி மிதிக்கச் சொல்வது. பத்துப் பதினைந்து கிலோ எடை ஒரு குதிகாலின் பரப்பில், அதுவும் சிரையின் மேல். நல்ல காலுக்கு இதமாக இருக்கலாம், இந்தக் காலுக்கு ஆகாது.

கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கும் கால் மசாஜ் இயந்திரம். உள்ளே உருளைகள் உருண்டு கெண்டைக்காலைப் பிசையும், அதற்குப் புடைத்த சிரை எது, சதை எது என்று தெரியாது. மருத்துவமனையில் கட்டிவிடும் காற்றுப்பைக் கருவி வேறு, அதன் அழுத்தமும் வரிசையும் கணக்கிடப்பட்டவை. இரண்டும் ஒன்று என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வலிக்கும் இடத்துக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டுவது, கிரேப் பேண்டேஜை முழங்காலிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றுவது. இரண்டிலும் அழுத்தம் மேலே அதிகம், கீழே குறைவு, ரத்தம் இன்னும் தேங்கும். சுற்றுவதாக இருந்தால் விரல் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் மூடி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் வர வேண்டும்.

கெட்ட சிரையை உள்ளிருந்து சூட்டால் மூடும் லேசர் அல்லது ரேடியோ அலைச் சிகிச்சை முடிந்த காலில், மூடப்பட்ட சிரை தொடையில் கயிறு போலத் தட்டுப்படும். அதைக் கரைக்கிறேன் என்று தேய்ப்பார்கள். அது சிகிச்சையின் விளைவு, தானாகக் கரையும். சிகிச்சை செய்தவர் அனுமதிக்கும்வரை கை வைக்கக் கூடாது.

தேய்ப்பதை நம்பி மற்றதை விடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. ஜவுளிக்கடையிலோ பட்டறையிலோ பத்து மணி நேரம் அசையாமல் நிற்பவருக்கு இரவில் பத்து நிமிடம் தேய்த்து எதுவும் ஈடாகாது. நின்ற இடத்திலேயே அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, நாளுக்கு அரை மணி நேர நடை, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து காலை நீட்டுவது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது.

11. ஸ்கேனுக்குப் போகும்போது

சிரை வலி என்று தெரிந்த பிறகு ஒரு முறையாவது, ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது: ரத்தம் உறைந்திருக்கிறதா என்று படுக்க வைத்தே பார்த்துவிடலாம், வால்வு ஒழுகுகிறதா என்று பார்க்க நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். நிற்கும் நிலையில் கெண்டைக்காலை அழுத்திவிட்டு விட்டதும், மேல்சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழே திரும்பினால் வால்வு கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘படுக்க வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்’ என்று வருபவர்களுக்குப் பாதிச் சோதனைதான் நடந்திருக்கிறது. சாயங்கால நேரம் கிடைத்தால் அதையே கேளுங்கள், காலையில் மறைந்திருக்கும் ஒழுக்கு நாள் முழுக்க நின்ற பிறகு நன்றாகத் தெரியும்.

வால்வு ஒழுகுவது உறுதியானால், கெட்ட சிரையை உள்ளிருந்து சூட்டால் மூடும் முறையைத்தான் இப்போது முதலில் பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் வரிசை இது: முதலில் சூட்டால் மூடுவது, அது பொருந்தாவிட்டால் நுரை மருந்து ஊசி, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை சிகிச்சை. இவை எதுவும் ஆகாதவர்களுக்கே வெறும் சாக்ஸ். மேல்சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்பட வேண்டாம், காலின் ரத்தத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோவது ஆழ்சிரைகள்தான். ஆகவே ஆழ்சிரை திறந்திருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் எழுதித் தரச் சொல்லுங்கள். அறிக்கையில் அந்த வரி இல்லாமல் சிகிச்சைக்குத் தேதி குறிக்காதீர்கள்.